அரக்குச் சேலையும் நான் விற்ற லேப்டாப்பும்

வேலையை நான் விட்டு ஒரு வருஷம் ஆகிறது. வேலைதான் என்னை விட்டபாடில்லை. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே யாராவது போனை மூக்குக்கு நேரே நீட்டிவிடுகிறார்கள். அதில் இரண்டு லேப்டாப் படங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். "ஸ்டெல்லாக்கா, ரெண்டுல எது வாங்கலாம்? இதுக்குத் தள்ளுபடி போட்டிருக்கான், இன்னிக்கு ஒரு நாள்தானாம்." என்ன வேலைக்கு என்று கேட்பேன். "சும்மாதான்க்கா, வீட்டு உபயோகத்துக்கு." இந்தச் சும்மாவைக் கேட்டாலே எனக்குச் சுர்ரென்று வரும். சும்மா என்று ஒரு வேலை உலகத்தில் உண்டா? யார் உட்காரப் போகிறார்கள், எங்கே வைத்து, எதைச் செய்யப் போகிறார்கள் என்று சொல்லாமல் எந்த லேப்டாப் நல்லது என்று கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். திண்டுக்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் இருபத்திரண்டு வருஷம் கவுண்டரில் நின்றால் யாருக்கும் நீண்டுவிடும். ஆனால் இவ்வளவு பேசுகிற நானே இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு தடவை ஒரு லேப்டாப்பை விற்றேன். அதனால் ஒரு அண்ணனும் தங்கையும் முகம் கொடுத்துப் பேசாமல் போனார்கள். அதை யாரிடமும் நான் முழுசாகச் சொன்னதில்லை.

முன்கதையைச் சுருக்கிவிடுகிறேன். முதலில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மிஷின்களை எடைக்குப் போட்டு இன்ஸ்டிடியூட்டை மூடியபோது எனக்கு இரண்டு பிள்ளைகள், வீட்டுக்காரருக்கு நிரந்தரமில்லாத வேலை. கம்ப்யூட்டர் கடையில் ஆள் வேண்டும் என்றார்கள், போய் நின்றேன். ஆறு மாசம் பில் போட்டேன், பெட்டி துடைத்தேன், ஸ்க்ரூ கழற்றக் கற்றுக்கொண்டேன். அப்புறம் கவுண்டருக்கு வந்தவள் கவுண்டரிலேயே தங்கிவிட்டேன்.

முதலாளி சுந்தரம் சார். கம்ப்யூட்டர் படித்தவர் அல்ல, ரேடியோ ரிப்பேரில் இருந்து வந்தவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே கிடையாது. நல்லபடியாக இருக்கும்போது "ஏம்மா ஸ்டெல்லா" என்பார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "ஸ்டெல்லா டீச்சர், செத்த வாங்க" என்று பழைய பட்டத்தோடு கூப்பிடுவார். அந்த டீச்சர் காதில் விழுந்தால் கடையில் மற்றவர்கள் எல்லாம் கையில் இருப்பதில் தலையைக் கவிழ்த்துக்கொள்வார்கள்.

அவர் கடையில் ஒரு முறை வைத்திருந்தார். ஜன்னலோரம் ஒரு மர மேஜை, ஒரே ஒரு நாற்காலி. லேப்டாப் கேட்டு வருகிறவரிடம் முதலில் என்ன வேலை என்று கேட்க வேண்டும். அந்த வேலையையே கையில் கொண்டுவரச் சொல்ல வேண்டும். எழுதுகிறவர் என்றால் அவர் எழுதுகிற தாள், படிக்கிற பிள்ளை என்றால் அதன் பாடம் இருக்கிற பென் டிரைவ். அவர்களால் கொடுக்க முடிந்த தொகைக்குள் இரண்டோ மூன்றோ மிஷினை எடுத்து, விலையட்டையைக் கவிழ்த்து, மேஜையில் வைத்துவிட்டு நாங்கள் நகர்ந்துவிட வேண்டும். பின்னால் நின்று எட்டிப் பார்க்கக் கூடாது. "அது ராம் கூட, இது ஸ்பீடு" என்று ஊதக் கூடாது. அரை மணி நேரம் கழித்துப் போய் "எது கைக்கு ஒத்து வருது?" என்று மட்டும் கேட்கலாம். நாங்கள் அதற்குப் பெண் பார்க்கிற மேஜை என்று பேர் வைத்திருந்தோம். சாருக்கும் தெரியும், கண்டுகொள்ள மாட்டார்.

ஆரம்பத்தில் எனக்கு அது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. அரை மணிக்கு ஒரு ஆள் என்றால் வியாபாரம் எப்படி நடக்கும்? பத்திரம் எழுதுகிற ஒரு பெரியவர் வந்த அன்றைக்குத்தான் கொஞ்சம் அடங்கினேன். அவர் கண் வைத்திருந்தது வெள்ளி நிறத்தில் பளபளவென்று இருந்த ஒரு ஒல்லி லேப்டாப் மேல். மேஜையில் உட்கார்ந்து பழைய டைப்ரைட்டரை அடிக்கிற மாதிரி அடித்தார் பாருங்கள், கீபோர்டு நடுவில் குழிந்து குழிந்து எழுந்தது. பக்கத்தில் இருந்த கறுப்பு மிஷின் தடியாக, பார்க்கச் சகிக்காமல் இருந்தது. அது அசையவில்லை. அதை வாங்கிப் போனார், விலையும் குறைவு. ஒட்டன்சத்திரத்துக் காய்கறி வியாபாரி ஒருவர் லேப்டாப்பை விட்டுவிட்டு சார்ஜரைத்தான் கையில் எடுத்துப் பார்த்தார். "ஏனுங்க, மிஷினு இத்துனூண்டு இருக்குதுங்க, சார்ஜரு செங்கல்லாட்ட இருக்குதுங்களே. வண்டியில இதைத் தூக்கிட்டு நான் எப்படிங்க போறது?" என்றார். எந்தக் கம்பெனிக்காரனும் தன் விளம்பரத்தில் சார்ஜர் எடையைப் போடுவதில்லை. அன்றிலிருந்து நானும் சார்ஜரைச் சேர்த்தே மேஜையில் வைக்கத் தொடங்கினேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு அரை மணி நேரத்தில் தனக்கு லேப்டாப்பே வேண்டாம் என்று தெரிந்துபோனது. வெளிநாட்டில் இருக்கிற மகள் முகத்தைப் பெரிசாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டு டிவியில் போனை இணைப்பது எப்படி என்று சார் தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பினார். எனக்கு வயிறு எரிந்தது. வந்த லட்சுமியை வாசலோடு அனுப்புகிறாரே மனுஷன் என்று இரண்டு நாள் புலம்பினேன்.

இப்படிப் பல வருஷம் போனது. முறையெல்லாம் எனக்கு மனப்பாடம். மனப்பாடம் ஆகிவிட்டது என்பதுதான் ஆபத்து என்று அப்போது தெரியவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்னால், தீபாவளிக்கு முந்தின வாரம். கடையில் நிற்க இடமில்லை. ஜன்னல் மேஜை மேல் புதுப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தோம். சார் சரக்கெடுக்க மதுரைக்குப் போயிருந்தார். அப்போது வந்தவள் முத்துலட்சுமி. சின்னாளப்பட்டிக்காரி, முப்பது வயசிருக்கும். தோளில் ஒரு துணிப்பை. சுங்குடிச் சேலையைப் போட்டோ எடுத்து போனிலேயே ஆர்டர் பிடித்து ஊர் ஊருக்கு அனுப்புகிறவள். போன் திரை சின்னதாக இருக்கிறது, படத்தைச் சரிபண்ணி, மேலே பேரும் விலையும் எழுதிப் போட ஒரு லேப்டாப் வேண்டும் என்றாள். மில்லில் வேலை பார்க்கும் வீட்டுக்காரர் தீபாவளி போனசைத் தந்திருக்கிறார், அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது என்பதையும் சொன்னாள்.

நான் ஒரு மாடலை எடுத்து வைத்தேன். ப்ராசஸர் நல்லது, ராம் தாராளம். அந்த விலைக்கு இதையெல்லாம் தருகிறவன் வேறு எங்கேயாவது கையை வைத்திருப்பான் இல்லையா? திரையில் வைத்திருந்தான். நேரே பார்த்தால் நிறம் வெளிறித் தெரியும், கொஞ்சம் சாய்த்தால் வேறு மாதிரித் தெரியும். எனக்கு அது நன்றாகத் தெரியும். பாடம் படிக்கிற பிள்ளைக்கும் கணக்கு எழுதுகிற குமாஸ்தாவுக்கும் அது ஒரு குறையே அல்ல என்பதால் அதைச் சொல்லும் பழக்கமே எனக்கு விட்டுப்போயிருந்தது.

அவள் போனில் இருந்த ஒரு சேலைப் படத்தை அதில் ஏற்றிக் காட்டினேன். அவள் திரையைப் பார்த்தாள், தன் போனைப் பார்த்தாள். "ஏக்கா, போன்ல ஒரு மாதிரி இருக்கு, இதுல ஒரு மாதிரி இருக்கே?"

அவளுக்குப் பின்னால் ஆறு பேர் காத்திருந்தார்கள். "போன்ல பாக்குறதெல்லாம் மினுக்குடி. பெரிய திரையில பாத்தாத்தான் நெசம். இதை நம்பி வாங்கு" என்றேன்.

அவள் நம்பினாள். தோளில் தொங்கிய பையில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. பத்து நிமிஷத்தில் பில் போட்டு அனுப்பிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். நல்ல பொருளை நல்ல விலைக்குக் கொடுத்துவிட்டதாக மனசுக்குள் ஒரு பெருமை வேறு.

தை மாசத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மறுபடியும் வந்தாள். சார்ஜர் வயரை எலி கடித்துவிட்டதாம். லேப்டாப்பையும் கொண்டுவந்திருந்தாள், கூடவே கூரியர் ஆபீஸில் எடுத்த ஒரு பெரிய பார்சல். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். அன்றைக்குக் கூட்டம் இல்லை, சார் கடையில் இருந்தார்.

"ஏம்மா, இம்புட்டுப் பெரிய மூட்டையைத் தூக்கிக்கிட்டு அலையுற? என்ன அது?" என்று கேட்டது சார்தான்.

அவ்வளவு கேட்டதற்கே அவள் கண் கலங்கிவிட்டது. கோயம்புத்தூரில் ஒரு கல்யாண வீடு. முப்பது சேலை, எல்லாம் ஒரே அரக்கு நிறம், போட்டோவைப் பார்த்துப் பிடித்துப்போய்ச் சொன்ன ஆர்டர். அனுப்பினால், "போட்டோவில் அடர்த்தியாக இருந்தது, வந்திருப்பது வெளுத்துக் கிடக்கிறது" என்று அத்தனையையும் திருப்பிவிட்டார்கள். அந்தப் பார்சல்தான் இன்றைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சாயம் போட்டது அவளுடைய சொந்த அண்ணன் தங்கவேலு. ஊரிலேயே சின்னதாகச் சாயப்பட்டறை வைத்திருக்கிறார். போட்டோவுக்குக் கொடுத்த முதல் சேலைக்குச் சாயத்தைச் சரியாகப் போட்டுவிட்டு, மிச்சத்துக்குக் குறைத்துவிட்டார் என்று இவள் முடிவு கட்டிவிட்டாள். முதல் சேலையும் மற்றவற்றோடு பார்சலில் போய்விட்டதால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. கோபத்தில் நேரே பட்டறைக்குப் போய், அவரிடம் வேலை பார்ப்பவர்கள் முன்னாலேயே, "தங்கச்சி சேலையில சாயத்தைக் குறைச்சு எம்புட்டு மிச்சம் பிடிச்ச?" என்று கேட்டுவிட்டாள்.

"அதுக்கு அண்ணன் என்ன சொன்னாரு?" என்றார் சார்.

"இனி ஒஞ் சேலையில எங் கை படாது. ஒம் மகளுக்குக் காது குத்த வேற மடியைப் பாத்துக்கன்னுருச்சு." அவள் பார்சல் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டாள். "வர்ற ஞாயித்துக்கிழமை காது குத்து சார். பத்திரிகை குடுத்தாச்சு. கூடப் பொறந்தது அது ஒண்ணுதான். தாய்மாமன் இல்லாம எம் பிள்ளையை யாரு மடியில உக்கார வைப்பேன்?"

சார் பார்சலைப் பிரிக்கச் சொன்னார். ஒரு சேலையை எடுத்து ஜன்னல் மேஜையில் விரித்தார். வேறு ஒரு சார்ஜரைப் போட்டு அவளுடைய லேப்டாப்பைத் திறந்து, "அந்தக் கல்யாண வீட்டுக்கு அனுப்பின போட்டோவை எடும்மா" என்றார். எடுத்தாள். சேலையைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். மறுபடியும் சேலையைப் பார்த்தாள்.

"சரியாத்தானே சார் இருக்கு?" என்றாள் மெதுவாக. "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு? அப்ப... அண்ணன் குறைக்கலையா?"

அதே போட்டோவைச் சார் பென் டிரைவில் ஏற்றி, அலமாரியில் இருந்த வேறொரு லேப்டாப்பில் போட்டுச் சேலைக்கு இன்னொரு பக்கம் வைத்தார். அதில் சேலை கருஞ்சிவப்பாக, கிட்டத்தட்டக் கறுப்பாக நின்றது. அவளுடைய போனில் திறந்தார். போனிலும் அதே கருஞ்சிவப்பு.

எனக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. போனில் எடுத்த படம் முதலில் சரியாகத்தான் இருந்திருக்கிறது. நான் விற்ற லேப்டாப்பில் அது வெளிறித் தெரிந்திருக்கிறது. இவள் சேலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, திரையில் நிறம் ஒத்துப்போகும்வரை படத்துக்கு அடர்த்தியைக் கூட்டியிருக்கிறாள். சிரத்தையான பிள்ளை, எவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்கிறாள் பாருங்கள். அந்தக் கூட்டின படம்தான் ஊரெல்லாம் போயிருக்கிறது.

"போன்ல அடர்த்தியாத் தெரிஞ்சிருக்குமே, பாக்கலையாம்மா?" என்று சார் கேட்டார்.

"பாத்தேன் சார். போன்ல தெரியிறது மினுக்கு, பெரிய திரைதான் நெசம்னு அக்கா சொன்னாங்க." குற்றம் சொல்லும் தொனியே இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஸ்டெல்லா டீச்சர், செத்த வாங்க" என்றார் சார். ஒரு அடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். இருந்தாலும் போய் நின்றேன்.

"இந்தம்மா வந்தன்னைக்கு மேஜையில உக்கார வச்சீங்களா?"

"இல்ல சார். கூட்டம். மேஜையில பெட்டி இருந்துச்சு."

"பையில சேலை இருந்துச்சாம்மா அன்னிக்கு?" என்று அவளிடம் கேட்டார்.

"இருந்துச்சு சார். ரெண்டு சேலை. காட்டத்தான் கொண்டாந்தேன்."

சார் தலையை ஆட்டிக்கொண்டார். அலமாரியில் இருந்து எடுத்த அந்த இரண்டாவது லேப்டாப் ப்ராசஸரில் ஒரு படி கீழே, திரையில் இரண்டு படி மேலே. விலை இவள் கொடுத்ததைவிடச் சற்றுக் குறைவு. அதைத் தூக்கி அவள் பக்கம் வைத்தார். "பழசை நான் எடுத்துக்கிறேன், இதை வச்சுக்க. மீதிப் பணத்தையும் வாங்கிக்க. போட்டோ பாக்குறவங்களுக்கு இம்புட்டு ஸ்பீடு போதும்." பிறகு என்னைப் பார்த்தார். "மிஷினை நான் மாத்திக் குடுத்துருவேன் டீச்சர். அண்ணனை நான் மாத்திக் குடுக்க முடியாது. நாளைக்குக் கடைக்கு வர வேணாம். ரெண்டு மிஷினையும் எடுத்துக்கிட்டுச் சின்னாளப்பட்டிக்குப் போங்க."

அன்று இரவு வீட்டுக்காரரிடம் புலம்பினேன். நான் யார், அவர்கள் வீட்டுச் சண்டையில் போய் நிற்க? பட்டறைக்காரர் நாலு வார்த்தை கேட்டால் என்ன செய்வது? வீட்டுக்காரர், "கேக்கட்டும், வாங்கிக்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார்.

சனிக்கிழமை காலை இரண்டு லேப்டாப்பையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். முத்துலட்சுமி நிறுத்தத்தில் ஒரு சேலையோடு காத்திருந்தாள். பட்டறை வாசல்வரை வந்தவள் உள்ளே வரவில்லை. "நீங்க போங்கக்கா. என்னையப் பாத்தா எந்திரிச்சுப் போயிரும்" என்று கதவோரம் நின்றுவிட்டாள்.

தங்கவேலு சாயம் காய்ச்சுகிற கொப்பரைப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். முழங்கை வரைக்கும் சாயம். நான் யாரென்று சொன்னேன். அவரிடம் வேலை பார்க்கிற மூன்று பேர் அங்கே இருந்தார்கள், அவர்களும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். "தம்பி, உங்க சாயத்துல ஒரு குறையும் இல்ல. குறை நான் வித்த மிஷின்ல. உங்க தங்கச்சி அதை நம்புனது என் பேச்சைக் கேட்டு. தப்பு என்னோடது." இரண்டு லேப்டாப்பையும் திறந்து அதே படத்தைப் போட்டேன்.

அவர் உடனே பார்க்கவில்லை. கையைக் கழுவித் துடைத்தார். "டியூப் லைட்டுல நெறம் பாக்கக் கூடாது. வெயில்லயும் கூடாது" என்று சொல்லி, எல்லாவற்றையும் வெளியே எடுத்துவந்து வேப்ப மர நிழலில் ஒரு ஸ்டூல் மேல் வைக்கச் சொன்னார். சேலையை இரண்டுக்கும் நடுவில் விரித்தார். குனிந்து பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். பழைய லேப்டாப்பின் திரையைச் சாய்த்தார். நிறம் ஓடி ஓடி மாறியது. அவர் முகத்தில் இருந்து ஒன்றையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

புது லேப்டாப்பில் முதல் போட்டோவை, கை வைக்காத அசல் படத்தை, போடச் சொன்னார். போட்டேன். சேலைக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது. நான் கொஞ்சம் தைரியம் வந்து, "இதுல சரியாத் தெரியுது பாருங்க தம்பி" என்றேன்.

"இதுவும் தப்புதான்க்கா" என்றார். "என் அரக்குல அடியில ஒரு காவி ஓடும். அது இதுல இல்ல. கொஞ்சங் கம்மியாத் தப்பு, அம்புட்டுத்தான்."

வேலை பார்க்கிறவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். தங்கவேலு சிரிக்கவில்லை.

"மிஷினு மேல எனக்கு என்னக்கா கோவம்? அதுக்கு என்ன தெரியும்? பத்து வயசுலருந்து இந்தக் கொப்பரையில எங்கூட நின்னவ அவ. சாயம் குறைஞ்சா கையில எடுத்த உடனே தெரிஞ்சிருக்கும் அவளுக்கு. சேலை திரும்பி வந்து சேரட்டும், கையில எடுத்துப் பாப்போம்னு நாலு நாளு பொறுத்தாளா?"

கதவோரம் நின்றிருந்தவள் எப்போது மரத்தடிக்கு வந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. "பொறுக்கலைண்ணே. தப்புத்தான்" என்றாள். மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றாள்.

அவர் அவள் பக்கமே திரும்பவில்லை. சேலையை மடித்தார். ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து, நிதானமாக, நாலாக, எட்டாக மடித்தார். நான் லேப்டாப்புகளை மூடிப் பையில் போட்டேன். வந்த வேலை முடியவில்லை, கிளம்ப வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். மடித்த சேலையை என் கையில் கொடுத்தார்.

"அக்கா, நாளைக்கு எத்தனை மணிக்குன்னு கேளுங்க" என்றார்.

அவள் எங்கள் இரண்டு பேருக்கும் எட்டுகிற தூரத்தில்தான் நின்றாள்.

"காலையில ஒம்பது மணிக்கு" என்றாள்.

"ஒம்பது மணிக்காம் தம்பி" என்றேன் நான்.

"பிள்ளைக்குப் பசிச்சிரும். எட்டரைக்கே வந்துர்றேன்னு சொல்லுங்க" என்றார்.

சொன்னேன்.